குளத்தில் நாரை பார்ப்பது எப்படி? கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு

1. குளம்

திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் 2024-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கோவைப் பக்கம் என்றால் சூலூர், சிங்காநல்லூர்.

எந்தக் குளமானாலும் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். நாரை நீந்தி இரை தேடாது, கால் எட்டும் ஆழத்தில் நடந்துதான் தேடும். குளம் தளும்பி நிற்கும்போது போனால் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் கண்ணில் படும். தண்ணீர் இறங்கி மீன்கள் ஓரத்துக் குட்டைகளில் ஒதுங்கும் சமயம்தான் நமக்கு வேண்டியது.

2. கருவி

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் படம் ஆடும். கேமராவை முதல் சில முறை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். படம் எடுக்கிறவர் பறவையின் நடத்தையைத் தவறவிடுகிறார்.

3. நாரையா, கொக்கா?

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு வகைகள் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். வெயில் ஏறியதும் மேலெழும் சூடான காற்றில் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டு உயரும். நாரைகளில் நத்தை குத்தி நாரையை அலகின் நடுவே உள்ள இடைவெளியை வைத்து அடையாளம் காணலாம்.

(பிறகு சேர்த்தது: "கழுத்து நீட்டித்தான் பறந்தது, ஆனால் நாரை மாதிரி இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் அப்படித்தான் பறக்கும். அலகு கறுப்பாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் முன்னது, நுனி தட்டையாக அகன்றிருந்தால் பின்னது.)

4. இரை தேடுவதைப் பார்ப்பது

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். மஞ்சள் மூக்கு நாரை கலங்கிய தண்ணீரில் மீனை எப்படிக் காண்கிறது? காண்பதே இல்லை. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி நடக்கும். காலால் அடியைக் கிளறிவிடும். கலைந்த மீன் அலகில் உரசியதும் சட்டென்று மூடிக்கொள்ளும். அத்தனையும் தொடுஉணர்வு. இது புரிந்தபின், சேற்று நீரில் அது ஏன் தயங்காமல் இறங்குகிறது என்று கேட்கத் தோன்றாது.

கூட்டத்தைப் பார்க்காமல் ஒரே பறவையைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் விடாமல் பாருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் வால் பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகள் துலங்கும். சூடு ஏறினால் தன் காலிலேயே எச்சமிடும். நோய் என்று பதறவேண்டாம். ஈரம் காயும்போது கால் குளிர்கிறது.

சத்தத்தை வைத்துத் தேடவும் வேண்டாம். வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டி எழுப்பும் கடகட ஒலிதான் அதன் பேச்சு, அதுவும் பெரும்பாலும் கூட்டருகில்தான்.

5. கூடு

கூடு கட்டிய மரம் கண்டால் விலகி நில்லுங்கள், இதில் எனக்குச் சமரசமே இல்லை. உச்சி வெயிலில் தாயோ தகப்பனோ இறக்கையை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. நாம் நெருங்கி அது எழும்பிப் போனால் குஞ்சுகள் வெயிலில் வாடும். கூடுகளை ஆசைதீரப் பார்க்கவேண்டும் என்றால் நெல்லைப் பக்கம் கூந்தன்குளம் போங்கள். அங்கே ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கட்டுகின்றன.

இன்னொரு சேர்க்கை: நத்தை குத்தி நாரையை அலகின் இடைவெளியை வைத்து அடையாளம் காண மேலே சொல்லியிருந்தேன். "இடைவெளியே இல்லாத ஒன்று அதே கூட்டத்தில் நிற்கிறது, வேறு இனமா?" என்று ஒருவர் கேட்டார். அது இளம் பறவைங்க. குஞ்சின் அலகு நேராக மூடித்தான் இருக்கும். வளர வளரத்தான் இடைவெளி விழும். உடல் நிறமும் பழுப்பு கலந்து மங்கலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதே இனம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.