இணையவழி உளவளத்துணை: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் பேஸ்மென்ற் எடுத்து இருப்பவர்களுக்குத் தெரியும், ஹீற்றர் குழாய் வழியே மேல்வீட்டுக் கதை கீழேயும் நம் கதை மேலேயும் போகும். இணையவழி உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) நல்ல இன்ரநெற் வேண்டும் என்றுதான் எல்லோரும் யோசிப்போம். முதலில் தேட வேண்டியது வாய்விட்டு அழ ஓர் இடம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது நண்பனின் பழைய கார். கடைப் பார்க்கிங்கில் நிறுத்தி, மடியில் கம்பளி போர்த்தி, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து ஐம்பது நிமிடம். பேசப் பேசக் கண்ணாடியில் நீராவி படிந்துவிடும். வெளியில் போகிறவருக்கு என் முகம் தெரியாது.

ஒவ்வொரு முறையும் ஆலோசகர் அக்கா கேட்கும் முதல் கேள்வி: "இப்ப எங்க இருக்கிறீங்கள்? பக்கத்தில ஆராவது நிக்கினமா?" விலாசமும் அவசரத்துக்கு ஒருவரின் நம்பரும் வாங்கினார். குடிவரவு விசாரணை மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சந்தேகம். பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஏதும் ஆனால் அம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். இடையில் யாராவது வந்தால் "கறி அடுப்பில கிடக்கு" என்று நான் சொல்வேன், அது எங்கள் சங்கேதம். அவர் உடனே பேச்சைக் காலநிலைக்கு மாற்றிவிடுவார்.

ஊருக்குக் காசு அனுப்புவதா, கடனைக் கட்டுவதா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எப்போது நித்திரை வருகிறது என்று ஒரு கிழமை எழுதச் சொன்னார். எழுதியதைத் திரையில் வைத்து இருவரும் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது: அம்மா எடுக்கும் நாட்களில்தான் விடிய மூன்று மணிவரை விழித்திருந்திருக்கிறேன். குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தின் காலை எட்டு இங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. அந்தப் பேச்சை ஞாயிறு காலைக்கு மாற்றினேன். கடன் குறையவில்லை, நித்திரை வந்தது. அதற்குப் பிறகுதான் கடனைப் பற்றி ஒழுங்காக யோசிக்க முடிந்தது.

மொழியும் முக்கியம். "நெஞ்சு அடைக்குது" என்று ஒரு கிளினிக்கில் சொன்னேன். ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதையே அக்காவிடம் சொன்னபோது, அது மனப்பாரம் என்று புரிந்துகொண்டு, "எப்ப அடைக்கும்?" என்று கேட்டார்.

ஒன்ராறியோவில் 'கவுன்சிலர்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். 'ரெஜிஸ்டர்ட் சைக்கோதெரபிஸ்ற்' என்று போட அவர்களுக்கான 'கல்லூரியில்' (படிக்கும் இடமல்ல, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். காசு கட்டுமுன் பெயரைத் தேடிப் பாருங்கள். ஊரில் இருக்கும் ஆலோசகரிடம் வாட்ஸப்பில் பேசுவது மலிவுதான். ஆனால் அந்த ரசீதை இங்குள்ள காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது, அவசரத்தில் அவரால் உங்கள் வாசலுக்கு ஆளும் அனுப்ப முடியாது.

ஓஹிப் அட்டை (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) மனநல மருத்துவருக்குச் செல்லும், குடும்ப மருத்துவரின் கடிதம் வேண்டும். தனியார் சைக்கோதெரபிஸ்ற்றுக்குச் செல்லாது. ஒரு அமர்வுக்கு 150 டொலர் என்பது இங்கே சாதாரணம். 2024 ஜூன் 20 முதல் அதன்மேல் எச்எஸ்ற்றி என்ற விற்பனை வரி இல்லை, அது ஒரு ஆறுதல். வேலையில் பெனிபிற்ஸ் (முதலாளி தரும் காப்புறுதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பீர்களா என்று கூசாமல் கேளுங்கள், பலர் குறைப்பார்கள். அகதிக் கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டத்தில் உளவளத்துணைக்கு இடமுண்டு. ஆலோசகர் அதற்கு முன் அனுமதி எடுத்துத் தருவாரா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

உளவளத்துணை எடுத்தால் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் அதிகம். உங்கள் சம்மதம் இல்லாமல் குடிவரவுக்கோ முதலாளிக்கோ ஆலோசகர் போய்ச் சொல்ல முடியாது. உங்களுக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்ற சந்தேகம், நீதிமன்றக் கட்டளை போன்றவை விதிவிலக்கு. முதல் அமர்விலேயே இதை விளக்கிச் சொல்வது அவர் கடமை.

இரவில் தாங்க முடியவில்லை என்றால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். உயிராபத்து என்றால் 911. தற்கொலை எண்ணம் என்றால் 988, 24 மணி நேரமும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். 988க்கு ரெக்ஸ்ற்றும் அனுப்பலாம். ஹீற்றர் குழாய் வழியே எழுத்துப் போகாது.