குடும்பத்து பிரஷரை வரைந்து பார்ப்பது எப்படி?

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பிரஷர் இருக்கு" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. யாருக்கு, எந்த வயதில் வந்தது, எத்தனை மாத்திரைக்கு அடங்குகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று சொல்லுங்கள். மரபு இந்த விவரங்களில்தான் தெரியும்.

ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் வேறுபடுவதில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் பரம்பரையால் வருவது. பெரும்பாலானவர்களிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இதில் பங்கெடுக்கின்றன. ஒவ்வொன்றும் ஏற்றுவது ஒரு புள்ளி அளவுக்குத்தான். அதனால் இரண்டு மூன்று மரபணுக்களை மட்டும் பார்த்து "உங்களுக்கு பிபி வரும்" என்று சொல்லும் எச்சில் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். மிகச் சில குடும்பங்களில் மட்டும் ஒரே ஒரு மரபணுப் பிழை முழு அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அங்கே மருந்தே வேறு என்பதால், அந்தக் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது அவசியம்.

முதலில் ஒரு முழுத் தாளில் மூன்று தலைமுறை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிரஷர் இருந்தால் உள்ளே கறுப்பு. ஒவ்வொருவர் கீழும் பிரஷர் தெரியவந்த வயது, மாத்திரைகளின் எண்ணிக்கை, பக்கவாதம் வந்திருந்தால் எந்த வயதில் என்று எழுதுங்கள். பாட்டியிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "சின்ன மாமா கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார். அக்கா மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் தம்பதிக்கு நடுவே இரட்டைக் கோடு போடுங்கள். பெற்றோருக்குப் பிரஷர் இல்லாமல் பிள்ளைகள் இருவருக்குச் சிறுவயதிலேயே வந்திருந்தால், அந்த இரட்டைக் கோடு பெரிய துப்பு.

பழைய சீட்டில் உள்ள அளவை நம்பாமல் வீட்டில் புதிதாக எடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், தொங்கவிட்டால் அளவு கூடும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, நடுவே ஒரு நிமிடம் இடைவெளி, இப்படி 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் உண்டு.

20 வயதுக்குள் வந்த பிரஷர், நெருங்கிய உறவில் 40 வயதுக்குள் மூளையில் ரத்தக்கசிவு, மூன்று மருந்துக்கும் அடங்காத நிலை, குறைந்த பொட்டாசியம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பொட்டாசியம், ரெனின், ஆல்டோஸ்டிரோன் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரெனின் சிறுநீரகத்திலிருந்து வருவது; அது தூண்ட, அட்ரீனல் சுரப்பி சுரக்கும் உப்பைத் தேக்கும் ஹார்மோன்தான் ஆல்டோஸ்டிரோன்.

இந்த இடத்தில்தான் தவறுகள் அதிகம். ரத்தம் எடுக்கும்போது கையை மடக்கி மடக்கி விரித்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், குறைவு இருப்பதே மறைந்துவிடும். எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பின், சற்று உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் உப்பைக் குறைக்கக் கூடாது. ரத்தம் எடுத்த குழாயை ஐஸில் வைத்தால் ரெனின் அளவு பொய்யாகக் கூடிவிடும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரைகளை நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், பீட்டா தடுப்பு மருந்துகளும் முடிவைத் திருப்பிவிடும். டாக்டர் சொல்லாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பொட்டாசியம், ரெனின், ஆல்டோஸ்டிரோன் மூன்றும் குறைவா? லிடில் என்ற அரிய பரம்பரை நோயாக இருக்கலாம். சிறுநீரகத்தில் சோடியம் நுழையும் கதவு மூடாமல் நின்றுவிடுகிறது. அமிலோரைடு மாத்திரை கதவையே அடைப்பதால் வேலை செய்யும். ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனை மட்டும் தடுப்பதால் பலனில்லை. ஆனால் மரபணுவைச் சந்தேகிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: இருமலுக்கு அதிமதுரம் தொடர்ந்து சாப்பிடுகிறாரா? அதுவும் அச்சு அசலாக இதே முடிவைக் காட்டும்.

ரெனின் குறைந்து ஆல்டோஸ்டிரோன் கூடியிருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைப் பார்க்க வேண்டும். அதோடு குடும்பத்தில் இளவயது ரத்தக்கசிவும் இருந்தால், இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்ட ஒரு வகை உண்டு. அதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டே மருந்து. பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள், பலருக்கு அது இயல்பாகவே இருக்கும்.

சிறுநீரகம் நன்றாக இருந்தும் பொட்டாசியம் ஏறியிருந்தால் கார்டன் என்ற இன்னொரு பரம்பரை நோயை நினைக்க வேண்டும். தையசைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சிறிய அளவிலேயே கேட்கும். இவர்கள் வீட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' வேண்டாம், அதில் இருப்பது பொட்டாசியம்.

மரபணுப் பரிசோதனையை நோய் உள்ள ஒருவருக்கு முதலில் செய்யுங்கள். பிழை கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். லிடில் போன்றவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. 3 வயதிலிருந்து ஆண்டுதோறும் அளந்து, வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெரியவர்களின் பட்டையைப் பிஞ்சுக் கையில் கட்டினால் அளவு குறைவாகக் காட்டும், குழந்தைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.