சாஃப்ட்பால் ஆடிக்கொண்டே ஆறாம் படிவம் படிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலில் சனிக்கிழமை சாயங்காலம் சாஃப்ட்பால், அதாவது பேஸ்பால் மாதிரியான மட்டைப் பந்தாட்டம், சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்தாம் படிவம் முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவத்துக்குப் போகிற நேரம் வந்தால் போதும், பிள்ளை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்றுகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "விளையாட்ட விட்டுட்டுப் படிக்கட்டுமா அண்ணே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

விட வேண்டாம். ஆனால் படிப்பு, ஆட்டம், தலைமைப் பொறுப்பு, ஊர் வேலை என்று நான்கையும் நான்கு தனி மூட்டையாகத் தூக்கப் பார்த்தால் ஒரே மாதத்தில் இடுப்பு ஒடிந்துவிடும். செய்கிற ஒரு வேலை இரண்டு வேலைக்கு ஆகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு விளையாட்டு, சங்கம், பொறுப்பு என்று வருகிற புறப்பாடத்துக்கு. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் உங்கள் சராசரி 4.00-க்கு 3.50 என்றால் அந்த 90-இல் 78.75 கிடைக்கும், 3.75 என்றால் 84.38. கால் புள்ளி ஏறினால் ஐந்தரைக்கு மேல் லாபம். புறப்பாடத்தில் 6 வாங்குகிற பிள்ளை மாவட்டம், மாநிலம் என்று ஆடி, பொறுப்பும் எடுத்து 9 வாங்கினால் லாபம் 3, அதாவது தேர்வில் சராசரி 0.13 ஏறியதற்குச் சமம். ஆகவே தேர்வை விட்டுவிட்டுப் போட்டிக்கு ஓடுவது முட்டாள்தனம். ஆனால் கேட்ட பாடத்துறை நூலிழையில் கைநழுவிப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 0.13 எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள்.

அடுத்தது மணி நேரம். அமெரிக்காவில் முதல் பிரிவுக் கல்லூரிகளில் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு ஒரு பருவத்தில் 56 ஆட்டம் வரை இருக்கும், பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும், வகுப்பும் அது பாட்டுக்கு நடக்கும். அதனால்தான் அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. சங்கம் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறது: பருவ காலத்தில் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம், நாளைக்கு 4 மணி நேரம், அதற்கு மேல் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. கடைசி ஆண்டு ஆட்டக்காரர்களுக்கு சீனியர் கிளாஸ் என்று ஒரு விருதுகூட உண்டு, அதற்கு ஆட்டத்தோடு வகுப்பு, குணம், சமூகப் பணி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் கூட்டமே உண்டு. நமக்கு செம்பனை லாரிக்குப் பின்னால் மோட்டாரில் தூசி குடித்துக்கொண்டு கூட்டிப்போக வருகிற அப்பா உண்டு. அவர்களுக்கே 20 என்றால் நமக்கு 8 போதும், போட்டி நெருங்கினால் 10. அதற்கு மேல் கேட்கிற பயிற்சியாளரிடம், நானாகவே இருந்தாலும், "முடியாது சார்" என்று சொல்லிப் பழகுங்கள்.

எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு. முதல் இரண்டைக் கடைசியில் திரும்ப எழுதலாம் என்ற தைரியத்தில் முதல் தவணையை முழுக்கத் திடலுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மூன்றாம் தவணைத் தாளும் பழைய தாளும் இடுபணியும் ஒன்றாகத் தலைமேல் உட்கார, முழி பிதுங்கி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். மற்றபடி திடலிலேயே படிக்க நிறைய இருக்கிறது. கணிதம் டி எடுத்தவர்களுக்கு மூன்றாம் தவணை புள்ளியியல், எங்கள் ஸ்கோர் புத்தகத்தில் அதற்கு வேண்டிய எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகம் போக எழுதுகிற மூவெட் ஆங்கிலத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்குப் பயமா? புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்ட விதியை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுங்கள். ஏழு இன்னிங்ஸ், பேஸுக்கு பேஸ் 60 அடி, ஏன் பந்தைக் கைக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும் என்று விளக்கி முடிப்பதற்குள் நாக்கு திருந்திவிடும். பஸ்ஸில் மனப்பாடம் மட்டும் செய்யுங்கள், குலுங்குகிற பஸ்ஸில் கணக்குப் போட்டால் வாந்திதான் வரும்.

கிளவ் வாங்கக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். பழைய சாமான் விற்கிற பண்டல் கடைகளில் பழைய பேஸ்பால் கிளவ் கிடைக்கும். ஆனால் நம் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பால் பந்து 9 அங்குலம்தான், அதனால் சின்ன கிளவ் வாங்கினால் பந்து விரலைத் தட்டிவிட்டுப் போய்விடும். ஒரு பந்தைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தலைமைத்துவம் என்றதும் எல்லாரும் கேப்டன் பட்டையைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் குழுவில் கேட்சராக ஒரு தங்கச்சி இருந்தாள், பேச்சே வராது. குழுவின் பெரிய பையில் பந்து குறைந்துகொண்டே வந்தது, யாரும் கவலைப்படவில்லை. இவள் ஒரு நாள் எழுத்துப் பிழையை மறைக்கிற வெள்ளைத் திருத்த மையை எடுத்து ஒவ்வொரு பந்திலும் எண் எழுதினாள், பழைய 555 குறிப்புப் புத்தகத்தில் இருபத்திரண்டு என்று பதிந்தாள், பயிற்சி முடிந்ததும் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். பதினேழாம் எண் இல்லையென்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, செம்பனைக்குள் டார்ச் அடித்துத் தேட வேண்டும்.

"கொசு கடிக்குதுலா, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்பான் எவனாவது.

"சரி, நீங்க போங்க அண்ணே. நான் தேடுறேன்."

அப்படிச் சொன்ன பிறகு எவன் போவான்? அடுத்த வருடம் கேப்டன் யார் என்று கேட்டபோது எல்லாக் கையும் அவள் பக்கம்தான் நீண்டது. அதனால் பொறுப்பு கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல் எவனும் தொடாத வேலை எது என்று பார்த்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சமூக சேவை என்றால் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்காது. சேவைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். நாங்கள் செய்வது இதுதான்: பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூத்த பிள்ளைகள் வந்து, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஐந்தாம் ஆண்டு படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் மலாய் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பார்கள், அப்புறம் அந்தப் பொடிசுகளே பந்து பொறுக்கும். வருகைப் பட்டியல் ஒன்று போட்டு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அது சேவைக்கும் ஆதாரம், பொறுப்புக்கும் ஆதாரம். இரத்த தான முகாம் வந்தால் 18 வயதானவர்கள் கொடுக்கலாம், 17 என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் போய்க் கையை நீட்டாதீர்கள், வெயிலில் மயங்கி விழுந்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

கடைசியாகக் கோப்பு. இதில்தான் நான் ஏமாந்தேன். மாநில அளவில் ஆடிய அசல் சான்றிதழைப் பதிவுக்கு வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள், கொடுத்தேன், திரும்பி வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன், "தேடுறோம்" என்றார்கள், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் ஒன்றுமில்லை. எனவே அசலைக் கையைவிட்டு விடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். சான்றிதழ் வந்த அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து அம்மாவுக்கும் வாட்சாப்பில் அனுப்பிவிடுங்கள். பள்ளியின் புறப்பாட மதிப்பீடான பி.ஏ.ஜே.எஸ்.கே. பதிவில் உங்கள் பெயருக்கு நேரே எந்த நிலை போட்டிருக்கிறது, மாவட்டமா மாநிலமா என்று ஆண்டு முடிவதற்குள் ஆசிரியரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

சனிக்கிழமை பாடம் நாலு மணிக்கு, பந்து ஐந்து மணிக்கு. மழை பெய்தால் கோயில் மண்டபத்தில் பாடம் மட்டும். தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு வாருங்கள், திடல் குழாயில் தண்ணீர் வருவதில்லை.