ஒரே தேடலை இரண்டு முறை ஓட்டியபின் கற்றது

பழைய சர்வர் ஒன்றில் பெரிய கோப்புகளைத் தேட 'ஃபைண்ட்' (find) கட்டளையை ஓட்டினேன். 20 நிமிடம் பிடித்தது. விடை திரையில் ஓடி மறைந்தது. அதில் லாக் கோப்புகளை மட்டும் பொறுக்க !! போட்டு, | என்ற குழாய்க்குறி வழியாக, வரிகளை வடிகட்டும் 'கிரெப்'புக்கு (grep) திருப்பினேன். மறுபடியும் 20 நிமிடம்! !! குறி முந்தைய கட்டளையைத்தான் திரும்ப ஓட்டும். அந்தக் கட்டளை தந்த விடையை ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எங்கும் சேமித்து வைப்பதில்லை.

அன்றிலிருந்து நேரம் பிடிக்கும் எதையும் 'டீ' (tee) கட்டளை வழியாகவே ஓட்டுகிறேன். திரையிலும் தெரியும், கோப்பிலும் விழும். அப்புறம் கிரெப், வரிசைப்படுத்தும் சார்ட் (sort) எல்லாம் அந்தக் கோப்பின் மேல்தான், நொடியில் முடிகிறது.

ஆனால் 'அனுமதி இல்லை' என்ற வரிகள் திரையில் வந்தன, கோப்பில் இல்லை. இதில்தான் வெகுநேரம் குழம்பினேன். குழாய்க்குறி 1ஆம் எண் வெளியீட்டை, அதாவது வழக்கமான விடையை மட்டுமே கடத்தும். பிழைச் செய்திகள் 2ஆம் எண்ணில் வருகின்றன. குழாய்க்கு முன்னால் 2>&1 சேர்த்ததும் சரியானது. பாஷ் (bash) என்ற ஷெல்லின் 4ஆம் பதிப்பு முதல் |& என்றே எழுதலாம். பட்டியலை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். 2> போட்டுப் பிழைகளைத் தனிக் கோப்புக்கு அனுப்புங்கள்.

சின்ன விடைக்குக் கோப்பு வேண்டாம், $( ) போட்டு மாறியில் (variable) பிடிக்கலாம். அச்சிடும்போது மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் வரிகளெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

'டீ' போட மறந்த நாளில், ஓடி மறைந்த வரிகளையும் வைத்திருக்கும் டிமக்ஸ் (tmux) என்ற டெர்மினல் நிரல் கைகொடுக்கிறது: கண்ட்ரோல்-பி, பிறகு [ அழுத்தி மேலே போய் வரிகளை நகலெடுக்கலாம். அமைப்பை மாற்றாவிட்டால் 2000 வரிகள்தான் இருக்கும்.