சாவி கொடுக்கும் குரோனோகிராஃப்: வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோனோகிராஃப் என்பது நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தி வினாடிகளை அளக்கவும் உதவும் கைக்கடிகாரம். அந்த வகையில் கையால் சாவி கொடுக்கும் ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தை ஓமேகா நிறுவனம் செய்கிறது. அது 2015-இல் வெளியிட்ட ‘சில்வர் ஸ்னூப்பி’ ஸ்பீட்மாஸ்டர் மொத்தமே 1970 கடிகாரங்கள்தாம். நிலவை நோக்கிப் போய் வழியில் பழுதான அப்பல்லோ 13 விண்கலத்தின் பயணம் நடந்த ஆண்டின் எண் அது. அந்தப் பயணத்தில் பாதையைத் திருத்த எஞ்சினை 14 வினாடிகள் எரிக்க வேண்டியிருந்தது. விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகர்ட் தம் கையில் இருந்த ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்துத்தான் அந்த வினாடிகளை எண்ணினார். அதன் நினைவாகவே வெள்ளை டயல், அதில் படுத்திருக்கும் கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி, முதல் 14 வினாடிகளின் மேல் ஒரு வாசகம் எல்லாம் அமைந்தன. ஆனால் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஓடுவது காலிபர் 1861 என்ற இயந்திரம். அதே காலத்தில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் கடைகளில் விற்ற வழக்கமான ஸ்பீட்மாஸ்டரிலும் அதே இயந்திரம்தான்.

இத்தகைய கடிகாரத்தை வாங்குகிறவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி இது. உள்ளிருக்கும் இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் கிடைக்கும். தேய்ந்தால் மாற்றலாம், நின்றால் ஓட வைக்கலாம். டயலும் முட்களும் உறையின் விளிம்புகளும் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் என்ற வளையமும் காகிதங்களும் போனால் போனவைதாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இயந்திரம் தேய்ந்துவிடுமோ என்று சாவி கொடுக்கவே தயங்குகிறார்கள். சர்வீசுக்குக் கொடுக்கும்போதோ, உறையைப் பளபளவென்று பாலிஷ் போட்டுத் தருவதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள்.

முதலில் சாவி கொடுப்பதைப் பார்ப்போம். ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் சுருள்வில்லின் வெளிமுனை தன் கூட்டின் சுவரில் வழுக்கிச் செல்லும். அதனால் எவ்வளவு திருகினாலும் முடிவு தெரியாது. கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் அந்த முனை பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. திருகத் திருகக் குமிழ் மெல்ல இறுகும், பிறகு தெளிவாக நின்றுவிடும். எச்.எம்.டி. ஜனதா கட்டிப் பழகிய கைகளுக்கு அந்த முடிவு நன்றாகத் தெரியும். ஆட்டோமேட்டிக் மட்டுமே கட்டியவர்கள்தாம் இங்கே தடுமாறுகிறார்கள். சிலர் நின்ற பிறகும் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று அழுத்திவிடுகிறார்கள். சிலர் பயந்து பத்துத் திருகலோடு விட்டுவிடுகிறார்கள். முழுச் சாவி கொடுப்பதால் கடிகாரம் கெடும் என்பது உண்மையல்ல. நின்ற இடத்தைத் தாண்டி வலிந்து திருகினால்தான் கெடும். அரைச் சாவியில் ஓட்டுவதும் நல்லதல்ல. வில்லின் வலு குறையக் குறைய உள்ளே ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சும் குறைந்து, நேரம் பிசகத் தொடங்கும். காலிபர் 1861 முழுச் சாவியில் சுமார் 48 மணி நேரம் ஓடும். அதற்காக இரண்டு நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். கட்டுகிற நாளில் காலையில் ஒரு முறை, முடிவு வரை கொடுத்துவிடுங்கள்.

அதையும் கையிலிருந்து கழற்றிய பிறகே செய்யுங்கள். கட்டியிருக்கும்போது திருகினால் விரல் உள்ளே முழுதாகப் புகாது. குமிழைச் சற்றே வெளிப்பக்கமாகச் சாய்த்துத்தான் திருக முடியும். அந்தச் சாய்வு அழுத்தத்தை வாங்குவது மெல்லிய தண்டும் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமும். இந்தக் கடிகாரத்துக்காகச் சுழலும் மின்பெட்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே தானே சுழன்று சாவி கொடுக்கும் எடைத்தட்டு இல்லாத கடிகாரத்தை எத்தனை மணி நேரம் சுழற்றினாலும் ஒரு திருகல் சாவி ஏறாது. அந்தப் பணத்தைச் சர்வீசுக்கு எடுத்து வைக்கலாம்.

அடுத்து பொத்தான்கள். 2 மணிப் பக்கத்தில் இருப்பது ஓட்டவும் நிறுத்தவும். 4 மணிப் பக்கத்தில் இருப்பது முள்ளைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர. ஓட்டு, நிறுத்து, பிறகு திருப்பு என்ற வரிசை மாறக் கூடாது. கீழ்ப்பொத்தானை அழுத்தும்போது உள்ளே சுத்தியல் வடிவ நெம்பு ஒன்று விழுந்து, இதய வடிவத் தகட்டின் விளிம்பை அழுத்தி, முள்ளை ஒரே வீச்சில் 12-க்குத் திருப்புகிறது. முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வதற்கு ஃப்ளைபேக் என்ற தனி வகை உண்டு. உங்களுடையது அந்த வகை என்று கையேடு சொல்லாவிட்டால் முயலவே வேண்டாம். பல இயந்திரங்களில் ஒரு தடுப்பு இருந்து பொத்தானை மறிக்கும். அந்தத் தடுப்பை விரல் வலுவால் வெல்லப் பார்ப்பது நெம்புகளையும் சக்கரங்களையும் பதம் பார்ப்பதில் முடியும். பாதி மனத்தோடு மெல்ல அழுத்துவதும் தவறு. ஒரே அழுத்தாக, உறுதியாக அழுத்த வேண்டும்.

நல்ல கடிகாரத்தைக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப வைக்கும் காட்சி ஒன்று உண்டு. மேல்பொத்தானை அழுத்தியவுடன் நடுவில் உள்ள வினாடி முள் கண நேரம் துள்ளி, பிறகு ஓடத் தொடங்கும். சில முறை துள்ளும், சில முறை துள்ளாது. ஸ்பீட்மாஸ்டர் போன்ற மரபுவழி அமைப்பில், பொத்தானை அழுத்தும்போது ஒரு பற்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு கோத்துக்கொள்கிறது. பல் இடைவெளியில் இறங்கினால் முள் அமைதியாகக் கிளம்பும். பல்லின் நுனியில் மோதினால் துள்ளும். இது பழுதல்ல, அந்த அமைப்பின் இயல்பு. பின்மூடியில் கண்ணாடி இருக்கும் கடிகாரம் என்றால் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். இந்தக் கடிகாரத்தை வாங்கியதன் முழு இன்பமும் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

வினாடி முள் ஓடுவது அழகாக இருக்கிறது என்று குரோனோகிராஃபை நாள் முழுவதும் ஓடவிடுவது வேறு விஷயம். கூடுதல் சக்கரங்களையும் அதே ஒரு வில்தான் சுமக்க வேண்டும். வீச்சு குறையும், தேய்மானம் கூடும். தேநீர் கொதிக்க எவ்வளவு நேரம், ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று அளந்துவிட்டு நிறுத்துங்கள்.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீட்மாஸ்டரில் குறிப்பிட்டிருக்கும் 50 மீட்டர் என்பது புதிய ரப்பர் வளையங்களோடு ஆய்வகத்தில் எட்டிய அழுத்தம். 50 மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல. வெந்நீர்க் குளியலும் நீராவியும் ரப்பரை விரைவில் முதுமையாக்கும். ஈரக் கையோடு பொத்தானை அழுத்தவே வேண்டாம். கண்ணாடிக்கு உட்புறம் மூட்டம் தெரிந்தால் வெயிலில் காய வைக்காமலும் அரிசியில் புதைக்காமலும் அன்றே கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டால் முட்கள் அரிக்கப்படலாம். மாற்றக் கிடைக்காத முட்கள் அவை.

திடீரென்று கடிகாரம் நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முன்னே ஓடுகிறதா? பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். கைப்பேசி உறையின் மூடி, ஒலிபெருக்கி, மடிக்கணினியின் விளிம்பு, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் அருகில் இரவெல்லாம் கிடந்தால் சமநிலைச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து, ஊசி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், கடைக்காரரிடம் உள்ள காந்தம் நீக்கும் கருவிக்குச் சில நொடி வேலைதான். இதற்காக முழு சர்வீஸ் செய்யச் சொல்லிப் பணம் செலவழிக்க வேண்டாம். 2019-இல் வந்த காலிபர் 3861-க்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அது 15,000 காஸ் (காந்த வலிமையின் அலகு) வரை தாங்கும். அதற்கு முந்தைய 1861, 861 வைத்திருப்பவர்கள்தாம் கவனமாக இருக்க வேண்டும்.

இனி நான் மிகவும் வருந்தும் தவறுக்கு வருகிறேன்: பாலிஷ். ஸ்பீட்மாஸ்டரின் பட்டை மாட்டும் கொம்புகள் முறுக்கிய வடிவம் கொண்டவை. ஒரு பக்கம் மெல்லிய கோடுகள் இழைத்த மங்கல் பரப்பு, மறுபக்கம் கண்ணாடி போன்ற பரப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி விளிம்புபோல ஒரு கோடு, வளைந்தபடி கீழே இறங்கும். சுழலும் பாலிஷ் சக்கரத்தில் ஒரு முறை பிடித்தாலே அந்தக் கோடு வட்டமாகிவிடும். மூன்று சர்வீஸ்களில் கொம்பே மெலிந்து, பார்வைக்கு வேறு கடிகாரமாகிவிடும். கீறல் என்பது நீங்கள் கட்டிய காலத்தின் தடம். அது உலோகத்தைக் குறைக்கவில்லை. பாலிஷ் குறைக்கிறது. முழு சர்வீஸோடு பாலிஷையும் சேர்த்தே செய்யும் மையங்கள் உண்டு. ஆகவே, வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்: பாலிஷ் கூடாது, டயலையும் முட்களையும் பெசலையும் என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது, மாற்றிய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும்.

மாற்றிய பாகம் எவ்வளவு பெறும் என்பதற்குப் பழைய ஸ்பீட்மாஸ்டரின் பெசலே சாட்சி. 1970-ஐ ஒட்டிய காலம் வரை வந்த பெசல்களில், வேகம் அளக்கப் பொறித்த எண்களில் 90-க்கு அருகிலுள்ள புள்ளி, எண்ணின் மேற்புறமாக இருக்கும். பிறகு வந்தவற்றில் எண்ணின் பக்கத்துக்கு இறங்கிவிட்டது. கருப்பு அலுமினிய வளையத்தில் ஒரு புள்ளி சற்று நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முந்தைய பெசலைத் தேடித் தனியாகவே பெரும் விலை கொடுக்கிறார்கள். நிறம் மங்கியிருக்கிறது என்று அதை நீக்கிப் புதியதை மாட்டி, பழையதைக் குப்பையில் போட்ட சர்வீஸ்கள் எத்தனையோ. குறைந்த எண்ணிக்கையில் வந்த கடிகாரத்தின் டயலுக்கு இந்தக் கதி வந்தால், இருபது ஆண்டு கழித்து மாற்று டயல் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. பல ஸ்பீட்மாஸ்டர்களின் முகப்பில் உள்ள ஹெசலைட் கண்ணாடி என்பது பிளாஸ்டிக் வகை. எளிதில் கீறும், ஆனால் சில்லுச் சில்லாக உடையாது. விண்வெளிக்கு அதுதான் பொருத்தம் என்று கருதப்பட்டதற்குக் காரணமும் அதுவே. அதன் மேல் விழும் சிறு கீறல்களைப் பாலிஷ் பசையும் மென்துணியும் கொண்டு வீட்டிலேயே நீக்கிவிடலாம். சஃபையர் கண்ணாடியில் அந்தப் பசை பயன்படாது.

சர்வீசுக்கு அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்புகிறவர்கள் காப்பீடு இல்லாமல் அனுப்பக் கூடாது. 1969-இல் நிலவின் தரையில் பஸ் ஆல்ட்ரின் கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டரே, பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டபோது வழியில் காணாமல் போனது. இன்றுவரை அது கிடைக்கவில்லை. அனுப்பும் முன் டயல், பின்மூடியின் எண், கொம்புகளின் விளிம்பு மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே செய்யும் தவறுகள் வேறு. எண் பொறித்திருந்தால் அது குறைந்த எண்ணிக்கையில் வந்தது என்று பொருளாகாது. 2012-இல் வந்த ‘விண்வெளி சென்ற முதல் ஓமேகா’ வகைக்கு ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு, மொத்தம் இத்தனைதான் என்ற வரம்பு இல்லை. வரம்பு இருந்தாலும் அளவைப் பாருங்கள். அப்பல்லோ 11-இன் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த எஃகுக் கடிகாரங்கள் 6969. தங்கத்தில் வந்தவை 1014. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலை பேச முடியாது. விலை ஏறிக்கொண்டே போகும் என்று கடன் வாங்கி வாங்கியவர்களை 2022-க்குப் பிறகு வந்த விலைச் சரிவு சோதித்துவிட்டது. பிடித்ததை வாங்குங்கள்.

பெட்டி, உத்தரவாத அட்டை, செயினிலிருந்து கழற்றிய கண்ணிகள், கடை ரசீது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். காகிதம் இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2021-இல் ஜெனீவா ஏலத்தில் முப்பது லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போன 1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023-இல் ஓமேகாவே அறிவித்தது. பழையதை வாங்குகிறவர்கள், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு கைதேர்ந்த கடிகாரக்காரர் முன் அதைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வாங்கியதை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு மட்டுமே. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். கடிகாரத்தின் விலை அதைத் தாண்டினால் தனிக் காப்பீடு தேவை. இன்னொன்று, ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய் காயும். ஐந்து முதல் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் என்பது லாக்கரில் இருக்கும் கடிகாரத்துக்கும் சேர்த்துத்தான். பல ஆண்டு கிடந்ததை எடுத்தவுடன் முழுச் சாவி கொடுத்துப் பொத்தான்களை அழுத்திப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு சுழலும் அச்சுகள் உலோகத் தூள் உதிர்த்து, மற்ற சக்கரங்களையும் கெடுக்கும். முதலில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் இட்ட பிறகே ஓட விடுங்கள். கொடுக்கும் ரசீதில் பாலிஷ் கூடாது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.