கம்பஸுக்குக் கலைஞர்களைக் கூப்பிடுகிறீர்களா? முதலில் கடைசி பஸ்ஸைப் பாருங்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூன்று வருடம் கலைவிழாக் குழுவில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் பண்ணிய கூத்தைச் சரிக்கட்டவே மூன்றாவது வருடம் போய்விட்டது. இப்போது தம்பி தங்கைகள் போன் எடுத்து, "அண்ணே, வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டுத் தொடராக நாலு நிகழ்ச்சி வைக்கப் போறோம், எங்க தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது என்று கூட்டம் போடுவதற்கு முன்னால் நாளைப் பாருங்கள். திறந்தவெளியில் வைப்பதென்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் தோது. அக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் பளீரென்று அடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும், அப்படியும் அந்த மாதங்களில்தான் வேண்டுமென்றால் மண்டபத்துக்குள் போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வரும் எசல பெரஹரா ஊர்வல நேரத்தில் கண்டியில் ரூமும் கிடைக்காது, ரோட்டும் கிடைக்காது.

அடுத்தது நேரம். ஆறரைக்கு ஆரம்பம் என்று போஸ்டர் அடித்தால் ஹொஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்மார் இரவு பஸ்ஸை நம்பி வர மாட்டார்கள். மூன்றரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடியுங்கள், பஸ் நேரத்தை முதல் நாளே நேரில் போய் விசாரித்து வையுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஆசியுரை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம்தான். எங்கள் முதல் நிகழ்ச்சியில் பேச்சே ஒன்றேகால் மணித்தியாலம் ஓடியது, நாட்டியம் பார்க்க வந்த சனம் முதல் உருப்படியான அலாரிப்பு முடியுமுன்னே பஸ்ஸுக்கு எழும்பிவிட்டது.

இடம் என்றால் சரச்சந்திர திறந்தவெளி அரங்கு. சிங்கள நண்பர்கள் அதை 'வள' என்பார்கள், குழி என்று அர்த்தம். 1961இல் சரச்சந்திரவின் சிங்கபாகு நாடகம் முதன்முதலாக மேடையேறிய இடம், அதனால் அங்கே ஆடக் கேட்டால் எந்தக் கலைஞருக்கும் ஆசை வரும். ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு மாலை சும்மா போய் இருந்து பாருங்கள். நிகழ்ச்சி இழுபட்டுப் பொழுது சாய்ந்தால் மேடையில் பனி ஈரம் ஏறும், பரதக்காரருக்கு அது வழுக்கும், துடைக்க இரண்டு பேரும் காய்ந்த துணியும் வேண்டும். மழைக்கு அடுத்த நாள் லைட் போட்டால் ஈசல் வந்து அப்பும். ஒருமுறை வெளிச்சத்தை முன்னால் மட்டும் கட்டியிருந்தோம், ஆடின அக்காவின் கால் முழுக்க ஈசல் சிறகு, சலங்கைக்குள்ளும் சிறகு. அதிலிருந்து நிகழ்ச்சிக்கு அரை மணித்தியாலம் முன்பே மேடையை விட்டுத் தள்ளி, பின்பக்கமாகப் பெரிய பல்ப் ஒன்றைப் போட்டு வைப்போம். பாதி அங்கே போய்விடும்.

சரி, இனி ஆட்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 320 கிலோமீற்றர், மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாக வந்தால் மலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. அதில் ஏறி வந்தவர்களை வான் வண்டியிலிருந்து இறக்கி நேரே மேடைக்கு ஏற்றாதீர்கள், தலை சுற்றிப் பாதிப் பேர் வெறும் ப்ளேன்டீ தவிர ஒன்றும் வேண்டாம் என்பார்கள். முதல் நாளே வரவழைத்துத் தங்க வையுங்கள். வாத்தியத்துக்கும் அது நல்லது. யாழ்ப்பாணத்துச் சூட்டில் சுருதி சேர்த்த மிருதங்கம் நம்மூர் ஈரத்தில் இறங்கிவிடும், ஓர் இரவு இருந்தால் மாஸ்டர் காலையில் ஆற அமரச் சேர்த்துக்கொள்வார். இந்தியாவிலிருந்து யாரையாவது கூப்பிட்டால் சுற்றுலா விசாவில் வரவழைத்து மேடையேற்றுகிற வேலை வேண்டாம், உரிய விசாவுக்கு நேரத்தோடு எழுதுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

மட்டக்களப்புக் கூத்து ஒன்று கட்டாயம் வையுங்கள். ஊரில் அது விடிய விடிய வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தில் ஆடுவது, உங்களிடம் இருப்பது இரண்டு மணித்தியாலம். அதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இதே பேராதனையில் மாணவர்களை வைத்துக் கர்ணன் போர் கூத்தைச் சுருக்கித்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் எதை வெட்டுவது என்று கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பிரதியில் பேனா வைக்காதீர்கள். இன்னொரு மாலை கண்டிய நடனம் வையுங்கள், பக்கத்து ஊர்க்காரர்கள்தானே என்று நாம் கூப்பிடாமலே விட்டுவிடுகிறோம்.

எனக்கு மனதில் கிடக்கிறது தேயிலைத் தோட்டத்து ஆட்கள் விஷயம். தப்பு என்கிற பறையை அடிக்கிற குழுவைக் கூப்பிடுவோம், வாசலில் நிற்க வைப்போம், பிரதம விருந்தினரின் கார் வந்ததும் அடித்துக்கொண்டே மண்டபம் வரை வரச் சொல்வோம், அப்புறம் ஒரு சோத்துப் பார்சலைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். நாங்களும் இதைத்தான் செய்தோம். வயதான ஐயா ஒருவர் பார்சலை வாங்கிக்கொண்டு, "தம்பி, உள்ள எப்ப அடிக்கணும்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மாசியில் மன்மதன் கதையான காமன் கூத்தைத் தோட்டங்களில் ஆடுகிற காலம், பெப்ரவரி கடைசி மாலையை அவர்களுக்கே முழுதாகக் கொடுங்கள். ஆனால் அந்த நாட்களில் அவர்களுக்குத் தோட்டத்திலும் ஆட்டம் இருக்கும், அவர்களைக் கேட்டு நாள் வையுங்கள். வயலின்காரருக்குக் கொடுக்கிற அதே காசு, அதே ரூம், போஸ்டரில் அதே அளவு எழுத்து. பொன்னாடையைக் குறைத்தால் காசு தானாக வரும், அந்தத் துணியை யாரும் உடுத்திப் பார்த்ததில்லை. காசைக் கவரில் போட்டு, ஆட்டம் முடிந்து வேஷம் கலைக்கிறபோதே கையில் கொடுங்கள், 'அக்கவுண்டுக்குப் போடுகிறோம்' என்று இழுக்காதீர்கள்.

தப்பு, நெருப்பில் காய்ச்சாமல் பேசாது. மலை ஈரத்தில் ஒரு தடவை காய்ச்சினால் அரை மணித்தியாலம்கூடத் தாங்காது, இடையிலேயே திரும்பக் காய்ச்ச வேண்டிவரும். மேடைக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, வைக்கோலை உரப்பையில் கட்டி நனையாமல் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். காவலர் அண்ணனிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் புகையைப் பார்த்ததும் ஓடி வந்து அணைத்துவிடுவார்.