பச்சை அடித்தால் ராணுவ வண்டியா? கண்காட்சிக்கு வருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், குவாலா கங்சார் பக்கம் பழைய கார் கண்காட்சி நடந்தால், மோரிஸ் மைனர், பீட்டில், டட்சன் வரிசை முடிகிற இடத்தில் இப்போதெல்லாம் இரண்டு மூன்று பச்சை வண்டிகளும் நிற்கின்றன. தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பையும் லேண்ட்ரோவரையும் நம் பிள்ளைகள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்யும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டயர் காற்று, பேட்டரி, கழுவித் துடைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வண்டியை வாங்கவே மாட்டார்.

பழைய சாயத்தை அடியோடு சுரண்டுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

தோட்ட ஒர்க்‌ஷாப் ஒன்றில் கிடந்த 86 அங்குல (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) லேண்ட்ரோவரை ஒரு தம்பி வாங்கினார். மேலே சாம்பல் நிறம், அதற்குக் கீழே தோட்டக் கம்பெனியின் வெளிர்பச்சை, அதற்கும் கீழே ஒரு கரும்பச்சை. மட்கார்டு ஓரத்தில் உரிந்த இடத்தில் மூன்றும் தெரிந்தன. படம் அனுப்பியிருந்தார். "தம்பி, எதையும் தொடாதே, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். நான் போவதற்குள் ஈப்போவில் சாயத்தை உரிக்க மணல் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

"அங்கிள், உள்ள ஏதோ வெள்ளையா நம்பர் தெரிஞ்சிச்சாம். கடைப் பையன் கவனிக்கறதுக்குள்ள போயிருச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போனது வெறும் நம்பர் இல்லை. 1949க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் தன் வண்டிகளுக்கு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம் என்ற முறையில் எண் கொடுத்தது. கைக்கு வந்த வண்டி உண்மையிலேயே படையில் இருந்ததா என்று சொல்லக்கூடிய நேரடிச் சாட்சி அந்த எண். அதன் பக்கத்தில் படைப்பிரிவின் சின்னமும் இருந்திருக்கலாம். தோட்டக்காரர்கள் சுரண்ட நேரமில்லாமல் மேலேயே பூசிவிட்டதால்தான் அது அறுபது எழுபது வருஷம் பத்திரமாக இருந்தது. அரை மணி நேரத்தில் மணலோடு மணலாகக் கொட்டிவிட்டார்கள்.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. லேண்ட்ரோவரின் அடிச்சட்டம் (சேஸி) மட்டும்தான் இரும்பு, மேல்தகடு அலுமினியக் கலவை. அதில் இரும்புக்கு அடிக்கிற வேகத்தில் மணல் அடித்தால் தகடு நெளிந்துவிடும். இவருடைய கதவு இரண்டும் பானட்டும் நெளிந்தன. நெளிவை மறைக்கப் புட்டி, புட்டிக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் பளபளப்பில்லாத பச்சை. பல ஆயிரம் ரிங்கிட் இறங்கியது. கடைசியில் அந்த நிறமும் தப்பு! ராணுவம் என்றால் மங்கலான சாயம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அடித்தது பளபளப்பான கரும்பச்சை, பிரிட்டிஷ் நிறப்பட்டியலில் 224ஆம் எண். அதாவது, அவர் சுரண்டி எறிந்த அதே நிறம்.

அப்படியானால் என்ன செய்வது? எண்ணூறாம் நம்பர் தண்ணீர்க் காகிதத்தை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்து, பானட்டின் இரு பக்கமும், முன் பம்பரிலும், பின் கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெதுவாகத் தேயுங்கள். மேல் நிறம் கரைந்து அடுத்தது தெரியும்போது நிறுத்திவிட்டு, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எழுத்து தெரிந்தால் மெல்லிய தாளை மேலே வைத்து வரைந்துகொள்ளுங்கள். இருக்கைப் பெட்டிக்குள்ளும் டேஷ்போர்டு பின்புறத்திலும் தூரிகை போகாத மூலைகள் இருக்கும். முதல் சாயம் அங்கேதான் கெடாமல் கிடக்கும். கேபினில் திருகாணி போட்ட தகடுகளைக் கழற்றிப் பாலிஷ் போடாதீர்கள். சேஸி எண்ணை வைத்து இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினால், வண்டி எப்போது கட்டப்பட்டது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். மணல் அடிக்கிற செலவில் இதற்கு ஆவது கொஞ்சம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு வண்டி ராணுவத்தில் இருக்கவே இல்லை, முதல் நாளிலிருந்து தோட்டத்துத் தொரை ஓட்டியது என்று தெரிய வரலாம். தெரியட்டுமே. நம் ஊர் மைதானத்தில் தோட்டத்து வண்டியாகவே நிறுத்துங்கள். ரப்பர் பால் மரம் வெட்டி வளர்ந்த பாட்டிகள் வந்து நிற்கப்போவது அதன் முன்னால்தான். பச்சை வேஷம் போட்டால் அந்தக் கதையும் போச்சு. நிறத்தை மாற்றியே ஆவேன் என்றால் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவையும் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளை நட்சத்திரம்

1948இல் பிறந்த லேண்ட்ரோவருக்கு அமெரிக்க நட்சத்திரம் எதற்கு? கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த அவசரகாலத்தில் (1948–60) இங்கே சண்டை போட்டது பிரிட்டிஷ், கூர்க்கா, மலாய், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள். ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிறது என்பது ஒரு காரணமாகாது.

ஜீப்புக்காரர்களுக்கும் இது உண்டு. 1945 செப்டம்பர் 9 அன்று சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷாரின் 25ஆம் இந்திய டிவிஷன் இறங்கியது, சேற்றிலும் மணலிலும் வண்டிகள் புதைந்தன. அந்தப் படையின் சின்னம் இஸ்பேட் ஏஸ். உங்கள் ஜீப் அவர்களோடு வந்தது என்று சாயத்தின் கீழே சான்று கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்கவில்லையா, வெறும் பச்சையாக விடுங்கள்.

பொம்மைத் துப்பாக்கி

வேண்டாம். போலித் துப்பாக்கி வைத்திருப்பதே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் குற்றம்.

தப்பான நட்டைக் கழற்றுவது

ராணுவ ஜீப்பின் சக்கரமும் சில ராணுவ லேண்ட்ரோவர்களின் சக்கரமும் இரண்டு பாதியாகச் செய்து நட்டுப் போட்டு இணைத்தவை. ஹப்பில் பிடிக்கிற நட்டு வேறு, இரண்டு பாதியைச் சேர்க்கிற நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும். உயிர் போகும். பிரிட்டிஷ் வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். தோட்டத்தில் ஓடிய வண்டியில் அந்தச் சிவப்பு இருக்காது. முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்குங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள். டயர் கடைப் பையனுக்கும் சொல்லுங்கள், அவனுக்கு இந்த மாதிரி ரிம் பழக்கமில்லை.

மரக்கட்டை மேல் ஏற்றிக் காட்டுவது

ஒரு சக்கரத்தை மரத்துண்டில் ஏற்றி, எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் தொங்க, போட்டோவுக்கு நிறுத்துகிறார்கள். இந்த இரண்டு வண்டியிலும் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையைத் தொடாவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக அது சுற்றும், வண்டி உருளும். ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. நாலு சக்கரமும் தரையில், இரு பக்கமும் கட்டை.

ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றுவது

ஏற்றுங்கள், அதற்குத்தானே கொண்டுவருகிறோம். ஆனால் போர்க்கால ஜீப்பின் ஸ்டார்ட்டர் கால் வைக்கிற தரையில் இருக்கிறது. சுவிட்சை அணைத்திருந்தாலும் மிதித்தால் சுழலும். கியரில் விட்டிருந்தால் வண்டி முன்னால் தாவும். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள்.

புல்

நாலு மணிக்கு மழை வரும். கனமான லோரியைப் புல்லில் நிறுத்தாதீர்கள்.

பலகையில் கதை கட்டுவது

அவசரகாலத்தைத் தொடங்கிவைத்த கொலை, எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று தொரைமார் சுடப்பட்டது, 1948 ஜூன் 16. அதற்குக் கிட்டத்தட்ட ஏழு வாரம் முன்னால்தான், ஏப்ரல் 30 அன்று, ஆம்ஸ்டர்டாமில் லேண்ட்ரோவரை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டினார்கள். 86 அங்குல மாடல் வந்ததோ 1953இல். ஆனாலும் 86 அங்குல வண்டியின் முன்னால் 'எல்ஃபில் சம்பவத்துக்கு விரைந்த வண்டி' என்று ஒருவர் பலகை வைத்திருந்தார். அந்தத் தோட்டங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அந்த வாரத்தில் லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பலகையைப் படித்துவிட்டு, "யாருப்பா உனக்கு இதச் சொன்னது?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

பச்சையாக இருந்ததெல்லாம் ராணுவ வண்டியும் இல்லை. 1951 அக்டோபர் 6 அன்று ஃப்ரேசர் மலைப் பாதையில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னி கொல்லப்பட்டபோது அவருடைய ரோல்ஸ்ராய்ஸுக்குக் காவலாகச் சென்றதில் போலீஸ் லேண்ட்ரோவரும் இருந்தது. தொரைமார் தங்கள் கார்களுக்கே இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். உங்கள் வண்டி இதில் எந்த வகை என்று தெரிந்தால் எழுதுங்கள். மாடல், கட்டிய வருஷம், எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் ஓட்டினார்: இது போதும். மிச்ச இடத்தைக் காலியாக விட்டு ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள், பார்க்க வருகிறவர்கள் எழுதுவார்கள்.

ரோட்டெக்ஸ் (சாலை வரி) இல்லாத வண்டியை மட்டும் மைதானம் வரை ஓட்டி வராதீர்கள். லோரியில் ஏற்றி வாருங்கள்.